உழைத்துப் பெறும் கூலி வருமானமாகுமா?

மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும், அதில் வரிப் பிடித்தம் என்று ஓர் இனம் இருப்பதைக் கண்டு மனம் சுளிக்காதவர் குறைவு. கடை முதலாளி லாபம் சம்பாதிக்கிறார், அவர் வரி கட்டட்டும்; வீட்டை வாடகைக்கு விட்டவர் உட்கார்ந்த இடத்தில் பணம் பெறுகிறார், அவரும் கட்டட்டும்; விடியற்காலை முதல் இரவு வரை நின்று ரொட்டி போடுகிறவனும், தேநீர் கலக்குகிறவனும் தன் உடம்பைச் செலவிட்டல்லவா பணம் பெறுகிறான்? உழைப்பைக் கொடுத்தான், கூலியை வாங்கினான். இரண்டும் சரிக்குச் சரி. இதில் லாபம் எங்கே இருக்கிறது? லாபம் இல்லாத இடத்தில் வருமான வரி எப்படி வரும்? இவ்வாறு நம் அன்பர்கள் சிலர் கேட்கக் கேட்டிருக்கிறோம். கேட்பவர்கள் வரி ஏய்க்க நினைப்பவர்கள் அல்லர். நியாயம் தெரிய வேண்டும் என்றே கேட்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மலேசியாவிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, உழைத்துப் பெறும் கூலி வருமான வரிக்கு உட்பட்டதே. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஏன் உட்பட்டது, எவ்வளவு உட்பட்டது, எந்த இடத்தில் சட்டமே தொழிலாளிக்கு வழிவிடுகிறது என்பவற்றை அறியாமல் இருப்பதால்தான் நம்மவர் பலர் கட்ட வேண்டாத பணத்தைக் கட்டிவிட்டு, திரும்பக் கேட்கவும் தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

கூலி வருமானமன்று என்ற வாதம் மிகுதியாக வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1894-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு வருமான வரிச் சட்டம் செய்தது. மறு வருஷமே, 1895-இல், போலக் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தள்ளியதற்குக் காரணம் கூலி அன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிலத்தின் வாடகை மீதும், முதலீட்டின் வட்டி, பங்கு லாபம் இவற்றின் மீதும் விதித்த வரி அரசியல் சட்டத்தின் முறைப்படி மாநிலங்களுக்குப் பகிரப்படவில்லை என்பதே குற்றம். தொழில், உத்தியோகம் இவற்றின் வருவாய் மீது வரி விதிக்கலாகாது என்று நீதிமன்றம் கூறவே இல்லை. அப்படியானால் சொத்துக்காரரை விட்டுவிட்டு, உத்தியோகம் பார்ப்பவரிடமும் உழைப்பாளியிடமும் மட்டும் வரி வாங்குவதாக அச்சட்டம் முடிந்துபோகும். சட்டம் செய்தவர்களின் எண்ணம் அதுவன்று என்று சொல்லித்தான் முழுவதையும் தள்ளினார்கள். 1913-இல் பதினாறாவது திருத்தம் வந்து, எந்த வழியில் வந்த வருமானமானாலும் பகிர்வு இல்லாமல் வரி விதிக்கலாம் என்றாயிற்று.

இதன் பிறகுதான் சிலர் புதிய வாதம் ஒன்றைக் கிளப்பினார்கள். வருமானம் என்றால் ஆதாயம். உழைப்பு என்பது உழைப்பவனின் சொத்து. பத்து வெள்ளி பெறுமான சொத்தைக் கொடுத்துப் பத்து வெள்ளி வாங்கினால் ஆதாயம் பூஜ்யம் என்பது அவர்களின் கணக்கு. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்நாட்டு வரிச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, வருமானம் எவை எவை என்று சொல்லத் தொடங்கும்போதே, செய்த சேவைக்குப் பெறும் ஊதியத்தை முதலாவதாக வைத்திருக்கிறது. நீதிமன்றங்கள் இந்த வாதத்தை ஏற்றதே இல்லை. இப்போது இதை எழுதிக் கணக்குப் படிவத்துடன் அனுப்பினால், அற்ப வாதம் என்று சொல்லி 5,000 டாலர் அபராதம் போட அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது.

சீக் என்ற ஒரு விமானியின் வழக்கு பிரசித்தமானது. அவர் சில கூட்டங்களுக்குப் போய் இந்த வாதத்தைக் கேட்டு நம்பி, 1980-ஆம் வருஷம் முதல் கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1991-இல் தீர்ப்பாயிற்று. கூலி வருமானமன்று என்று ஒருவர் உள்ளபடியே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை எவ்வளவு பொருந்தாததாக இருந்தாலும், வேண்டுமென்றே குற்றம் செய்தார் என்று தீர்மானிக்குமுன் ஜூரிகள் அதையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. வாதத்தை ஆதரிப்போர் இந்தப் பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவர். மீதிப் பாதி என்னவென்றால், அவர் மறுபடி விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். உண்மையாக நம்பினேன் என்பது சிறைத் தண்டனைக்கு எதிரே ஒரு சமாதானமாகலாமே தவிர, வரிப் பாக்கியை அது அழிக்காது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் காலனிகளுக்கென்று 1922-இல் தயாரித்த மாதிரிச் சட்டத்தைத் தழுவி, 1947-இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனியே வருமான வரிச் சட்டங்கள் செய்யப்பட்டு, 1948 ஜனவரி முதல் அமலுக்கு வந்தன. சிங்கப்பூரில் இன்றும் அந்த 1947-ஆம் வருஷத்துச் சட்டமே பல திருத்தங்களுடன் நடைமுறையில் இருக்கிறது. மலேசியாவில் மலாயா, சபா, சரவாக் மூன்றின் பழைய சட்டங்களுக்கும் பதிலாக 1967-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவு வருமானத்தை வகை பிரிக்கிறது. முதல் வகை வியாபாரத்தின் ஆதாயம் அல்லது லாபம். இரண்டாவது வகை வேலையின் ஆதாயம் அல்லது லாபம். வட்டி, வாடகை, ஓய்வூதியம் எல்லாம் அதன் பிறகே வருகின்றன.

"வேலையின் ஆதாயம்" என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஆதாயம் இருந்தால்தானே வரி என்று ஒருவர் கேட்கலாம். சட்டம் அந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. 13-ஆம் பிரிவில் கூலி, சம்பளம், விடுமுறைச் சம்பளம், கமிஷன், போனஸ், பணிக்கொடை, படி ஆகியவை எல்லாம், பணமாக வந்தாலும் வேறு உருவத்தில் வந்தாலும், வேலையின் மொத்த வருமானமே என்று விளக்கி எழுதிவிட்டது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதே சொற்களில் அமைந்திருக்கிறது. கூலி என்ற சொல்லே சட்டத்தில் இருக்கும்போது, கூலி வருமானமா என்று வாதிக்க மிச்சம் ஏது?

சட்டம் சொல்கிறது என்பதோடு நம் மனம் அடங்காதல்லவா! சரிக்குச் சரி மாற்றத்தில் லாபம் ஏது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கு நம் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு விடை எளிதில் தெரியும். கூலிக்கு ஆள் அமர்த்துவதை இஜாரா என்கிறோம். இஜாரா என்பது என்ன? ஒரு பொருளின் அல்லது ஒரு மனிதனின் பயனை விலைக்குக் கொடுப்பது. ஆகவே கூலி ஒரு மாற்றுப் பண்டம்தான், உழைப்புக்கு ஈடுதான் என்பதை நம் இமாம்கள் எவருக்கும் முன்னரே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதியவர்கள், ஆகவே கூலி பெற்றவனிடம் புதிதாகச் செல்வம் எதுவும் சேரவில்லை என்று முடிவு கட்டவில்லை. புதிதாகக் கைக்கு வந்த செல்வத்துக்கு மால் முஸ்தஃபாத் என்று பெயரிட்டு, அதற்கு ஜகாத் எப்போது கடமையாகும் என்று ஆராய்ந்தார்கள். வியாபாரமும் மாற்றுத்தானே? துணியைக் கொடுத்துக் காசு வாங்குகிறோம். மாற்று நடந்தது என்பதனால் வரவு இல்லை என்று ஆகாது.

துணி வியாபாரி தன் விற்பனையிலிருந்து துணி வாங்கிய விலையைக் கழித்துக்கொள்கிறார். உழைப்பாளி எதைக் கழிப்பது? அவன் உழைப்பை யாரிடமும் விலை கொடுத்து வாங்கி விற்கவில்லை. அதற்குக் கொள்முதல் விலை என்று ஏட்டில் எழுத ஒன்றும் இல்லை. ஆகையால் கணக்கின்படி வந்தது முழுவதும் ஆதாயமாகிவிடுகிறது. அந்த வாதம் முறிந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஆனால் அந்த வாதத்தின் உள்ளே ஓர் உண்மையும் இருக்கிறது; அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. உழைப்பாளிக்கும் கொள்முதல் உண்டு. அவன் தின்னும் சோறுதான் அது! அடுப்புக்கு எரிவாயு வாங்கிய செலவை ஹோட்டல் முதலாளி கழிக்கலாம். அந்த அடுப்பருகே நிற்பவன் தின்ற சோற்றையும், படுத்த அறையின் வாடகையையும், வேலைக்கு வந்த பஸ் கட்டணத்தையும் கழிக்க முடியாது. வருமானத்தை உண்டாக்குவதற்கென்றே முழுதும் செலவானதைத்தான் சட்டம் கழிக்க விடும். உண்பதும் உறங்குவதும் எவருக்கும் பொதுவானவை, வேலைக்காக மட்டும் நிகழ்பவை அல்ல என்பது அதன் கருத்து. இங்கிலாந்தில் 1920-களில் ஒரு வழக்கு நடந்தது. லண்டனில் வசித்த வழக்கறிஞர் ஒருவர் போர்ட்ஸ்மத் நகரத்து நீதிபதிப் பதவிக்காகப் போய் வந்த ரயில் செலவையும் அங்குத் தங்கிய செலவையும் கழிக்கக் கேட்டார். பிரபுக்கள் சபை வரை சென்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே இல்லையென்றால் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது!

சோற்றுக்குப் பதில் சொல்லாமல் எந்த நாட்டு வரிச் சட்டமும் நிலைத்ததில்லை. இங்கிலாந்தில் பிட் பிரதமராக இருந்து 1799-இல் முதன்முதல் வருமான வரி போட்டபோதே, வருஷம் 60 பவுனுக்குக் குறைந்தவர்களை விட்டுவிட்டார். நம் நாட்டில் அதற்கு ஈடாக இருப்பது தனிநபர் கழிவு. மலேசியாவில் அது 9,000 வெள்ளி. 2010-ஆம் வருஷம் முதல் அந்தத் தொகை ஏறவில்லை. மாதத்துக்கு 750 வெள்ளியாகிறது. கோலாலம்பூரில் அதைக் கொண்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்டும் என்பதை வாசகர்களே அறிவீர்கள். கூலிக்கு வரி கூடாது என்று வாதிப்பதில் பயன் இல்லை. இந்தக் கழிவு உயர வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். மாதம் 3,000 வெள்ளி பெறும் ஒருவருக்கு வருஷத்தில் 36,000. தனிநபர் கழிவு 9,000 போகும். ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் கட்டிய 3,960-ம் போகும்; அந்த இனத்தில் 4,000 வரை கழிவு உண்டு. வேறு கழிவு ஒன்றும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், வரிக்குரிய வருமானம் 23,040 வெள்ளிதான். 2023-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள வீதப்படி முதல் 5,000-க்கு வரி இல்லை. அடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 1. அதற்கு மேல் 35,000 வரை நூற்றுக்கு 3. ஆக வரி 241 வெள்ளி 20 காசு. வரிக்குரிய வருமானம் 35,000-க்கு மேற்படாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டாகையால், அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. சட்டப்படி அவருடைய கூலி வருமானம்தான். ஆனாலும் வரி இல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை நம்மவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எது எது கூலியில் சேரும் என்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்வோருக்கு முதலாளி இலவசமாகப் போடும் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் மலேசியாவில் வரி விலக்கு உண்டு. தங்குவதற்குக் கொடுக்கும் இடத்தின் மதிப்பு மட்டும் கணக்கில் சேரும். வாடிக்கைக்காரர் தரும் இனாம், அதாவது டிப்ஸ், எப்படி? இங்கிலாந்தில் 1947-இல் ஒரு டாக்ஸி ஓட்டுநரின் வழக்கில் இது தீர்மானமாயிற்று. சவாரி முடிந்ததும் வழக்கமாகக் கையில் தருவது வேலையின் வருமானமே. அதற்கு வரி உண்டு. ஆனால் வருஷம் முழுதும் ஏறி வந்த ஒருவர், நீ நல்ல மனிதன் என்று மெச்சிப் பண்டிகைக்கு அன்பளிப்பாக ஒரு தொகை கொடுத்தால் அது வேறு. அது அன்பளிப்பு என்று நீதிபதி விளக்கினார். உஜ்ரத்துக்கும் ஹதியாவுக்கும் நாம் காணும் வேற்றுமையே அங்கும் இருப்பதைக் கவனியுங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டு வியாபாரத்திலோ சொந்தப் பெயரில் பதிந்த கடையிலோ, தம் பெயருக்கு மாதச் சம்பளம் என்று எழுதிக்கொண்டு அதை லாபத்திலிருந்து கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. தன் கடையிலிருந்து தானே எடுத்துக்கொள்வது கூலியாகாது. லாபத்தின் ஒரு பகுதியை முன்கூட்டி எடுத்ததேயாகும். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாக இருந்து, அதில் அவர் சம்பளம் பெறும் டைரக்டரானால் விஷயம் வேறு.

இப்போது மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளைப் பற்றியது இது. ஒரு காலண்டர் வருஷத்தில் 182 நாட்களாவது மலேசியாவில் இல்லாதவர் பொதுவாக வரிச் சட்டப்படி இந்நாட்டு வாசியாகக் கருதப்படமாட்டார். 60 நாட்களுக்கு மேற்படாத வேலைக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு 30 வரி. தனிநபர் கழிவு இல்லை, தள்ளுபடி இல்லை. முதல் வெள்ளியிலிருந்தே 30 காசு போய்விடும்.

செப்டம்பர் முதல் தேதி வந்து இறங்கிய ஒரு தம்பி மாதம் 2,000 வெள்ளி வீதம் டிசம்பர் முடிய 8,000 சம்பாதிக்கிறான் என்று கொள்வோம். அந்த வருஷத்தில் அவன் இங்கே இருந்தது 122 நாட்கள். முதலாளி சட்டப்படி நூற்றுக்கு 30 வீதம் 2,400 வெள்ளி பிடித்துக் கட்டிவிடுகிறார். தம்பி விதியை நொந்துகொண்டு இருந்துவிடுகிறான். ஆனால் 7-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அந்த 122 நாட்களும் அடுத்த வருஷத்தில் தொடர்ச்சியாக இங்கிருக்கும் 182 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களோடு ஒட்டி வருமானால், முதல் வருஷத்துக்கும் அவன் இந்நாட்டு வாசியாகவே கருதப்படுவான். இடையில் குடும்பத்தைப் பார்க்க ஊர் போய் வந்தாலும் மொத்தம் 14 நாட்களுக்கு மேற்படாவிட்டால் தொடர்ச்சி அறாது. வாசியாகிவிட்டால் 9,000 வெள்ளிக் கழிவு உண்டு. 8,000 வருமானத்துக்கு வரியே இல்லை. பிடித்த 2,400-ம் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ஊரிலே ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடும் பணம் அது! படிவம் அனுப்பினால்தான் திரும்ப வரும். தானாகக் கதவைத் தட்டி யாரும் கொடுக்கமாட்டார்கள். கூலிக்கு வரி இல்லை என்ற வாதத்தைக் கேட்டுக் கணக்கே அனுப்பாமல் இருப்பவன் இழப்பது இதைத்தான். கணக்கு அனுப்பத் தவறுவதற்கு 112-ஆம் பிரிவின்படி 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வாசியாவதற்கு 183 நாட்கள். அங்கும் இரண்டு வருஷங்களில் தொடர்ந்தாற்போல் வேலை செய்த காலம் 183 நாட்களாயின் இரண்டு வருஷத்துக்கும் வாசியாகக் கொள்ளும் சலுகை உண்டு. வாசியல்லாத தொழிலாளிக்கு நூற்றுக்கு 15, அல்லது வாசிகளுக்குரிய வீதம், இரண்டில் எது அதிகமோ அது. வாசிகளுக்கு முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு நூற்றுக்கு 2. அதற்கடுத்த 10,000-க்கு நூற்றுக்கு 3.5. மாதம் 3,000 சிங்கப்பூர் வெள்ளி பெற்று, மத்திய சேமநிதிக்கு நூற்றுக்கு 20 வீதம் கட்டும் 55 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு, உழைப்பு வருமானக் கழிவு 1,000-ம், சேமநிதி 7,200-ம் போக 27,800-க்கு வரி 156 வெள்ளி. அதே சம்பளம் பெற்றுச் சேமநிதி இல்லாத வேலை அனுமதிக்காரருக்கு 375 வெள்ளி ஆகும். உழைத்துச் சம்பாதித்தவருக்கென்றே தனிக் கழிவு அங்குப் பெயர் சொல்லி வைத்திருப்பது நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. தொகை சிறிதுதான், 60 வயதானவருக்கு 8,000 ஆகிறது.

கூலிக்கு ஜகாத் உண்டா என்பது அடுத்த கேள்வி. நம்மில் ஷாஃபி மத்ஹபினரும் உண்டு, ஹனஃபி மத்ஹபினரும் உண்டு. ஷாஃபி மத்ஹபின்படி ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும், அது மிஞ்சி நின்றால், தனித்தனியே ஒரு சந்திர ஆண்டு கழிய வேண்டும். ஹனஃபி மத்ஹபில், ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நிஸாப் இருந்தால் இடையில் வந்தது முன்னிருந்ததோடு சேர்ந்துவிடும். இரண்டிலும் செலவாகிப் போனதற்கு ஜகாத் இல்லை, மிஞ்சியதற்கே உண்டு. சர்க்கார் என்ன வந்தது என்று கேட்கிறது. ஃபிக்ஹு என்ன நின்றது என்று கேட்கிறது. சோற்றைக் கழிக்க முடியாத வருத்தத்துக்கு இங்கே இடமே இல்லை.

ஆயினும் சம்பளம் கைக்கு வந்த உடனே ஜகாத் கொடுப்பதற்கும் முன்னோரிடம் ஆதாரம் காட்டுகிறார்கள். சர்க்கார் கொடைகளிலிருந்து முதன்முதல் ஜகாத்தைப் பிடித்தவர் முஆவியா (ரலி) அவர்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் செய்தி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் யூசுஃப் அல்கர்ளாவி அவர்கள் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார்கள். விவசாயி நெல்லை அறுத்த அன்றே கொடுக்கும்போது, அவனைவிட அதிகம் பெறும் டாக்டரும் வக்கீலும் ஓராண்டு முடியட்டும் என்று இருப்பது எங்ஙனம் என்பது அவர்கள் கேள்வி. மலேசிய தேசிய ஃபத்வாக் குழு 1997-இல் சம்பளத்துக்கு ஜகாத் கடமை என்று தீர்மானித்தது. தம் மத்ஹபின்படி எதைச் செய்வது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. வரி கட்டிவிட்டேன், ஆகவே ஜகாத் நிறைவேறிவிட்டது என்று எண்ணுவது மட்டும் சரியன்று. இரண்டின் நோக்கமும் வேறு, சேருமிடமும் வேறு.

ஆனால் மலேசியாவில் இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. 6ஏ பிரிவின்படி, செலுத்திய ஜகாத்தும் ஃபித்ராவும் வரியிலிருந்தே வெள்ளிக்கு வெள்ளி கழிக்கப்படும். மாதம் 5,000 வெள்ளி பெறுபவரைக் கொள்வோம். வருஷம் 60,000, தனிநபர் கழிவு 9,000-ம், சேமநிதிக் கழிவு 4,000-ம் போக 47,000. அதற்கு வரி 1,320 வெள்ளி. அவர் 1,000 வெள்ளி ஜகாத் செலுத்தியிருந்தால் வரி 320 ஆகக் குறையும். 1,500 வெள்ளி செலுத்தியிருந்தால் வரி பூஜ்யம். மிஞ்சிய 180 வெள்ளி திரும்பவும் வராது, அடுத்த வருஷத்துக்கும் போகாது. சிங்கப்பூரில் முறை வேறு. அங்கே எழுத்துச் சட்டத்தின் கீழ் செலுத்தும் ஜகாத், ஃபித்ரா ஆகியவை வருமானத்திலிருந்துதான் கழிக்கப்படும். நூற்றுக்கு 2 வீதத்தில் இருப்பவர் 500 வெள்ளி ஜகாத் கொடுத்தால் வரியில் குறைவது 10 வெள்ளிதான்.

இந்த இடத்தில் நம்மவர் தவறுவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலுள்ள ஏழை உறவினருக்கும் ஊர் மக்களுக்கும் நேரே ஜகாத்தை அனுப்பிவிடுகிறோம். உரியவரைச் சேர்ந்தால் அல்லாஹ்விடம் அதன் நிலை வேறு; வரி வாரியத்திடம் அதற்கு மதிப்பில்லை. சட்டப்படி அமைந்த மாநில ஜகாத் அதிகாரிகளின் ரசீது இருந்தால்தான் தள்ளுபடி. இரண்டையும் செய்ய விரும்புவோர் எவ்வளவை எங்கே கொடுப்பது என்பதை வருஷத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஜகாத்தை மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னால் அந்த மாதத்து வரிப் பிடித்தமும் அதற்கேற்பக் குறையும். தாமே தனியாகச் செலுத்தினால், டி.பி.1 என்ற படிவத்தில் எழுதி முதலாளியிடம் கொடுக்க வேண்டும்.

தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் முதலாளி, சென்ற வருஷத்துச் சம்பளமும் பிடித்தமும் எழுதிய இ.ஏ. படிவத்தைப் பிப்ரவரி கடைசிக்குள் தொழிலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். சம்பளக்காரர் கணக்கு அனுப்ப ஏப்ரல் 30 வரை தவணை; கடைக்காரருக்கு ஜூன் 30. சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வழி அனுப்புவோருக்கு ஏப்ரல் 18. வேலையை விட்டு ஊர் திரும்புகிறவரைப் பற்றி முதலாளி வரி அதிகாரிகளுக்கு ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஆகவே டிக்கெட் வாங்கியதும் முதலாளியிடம் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. மலேசியாவில் ரசீதுகளை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஜகாத் ரசீதும் அதில் அடக்கம்.